ருக்குமணி பெயர் இருந்த பெட்டி

பேத்தி பிறந்ததை என் மருமகனுக்கு நான்தான் சொன்னேன். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் டெலிபோனில், கணக்கு எழுதுகிற கிராணி சுப்பிரமணியம் கோலாலம்பூர் நம்பரைச் சுழற்றிக் கொடுத்தார். ரிசீவரை வாங்கியதும், "பொண்ணு மாப்பிள்ளை! தலை நிறைய முடி!" என்று கத்தினேன். மெதுவாகப் பேசினாலே கேட்கும் என்று கிராணி கையைக் காட்டினார். எனக்கு அன்றைக்கு மெதுவாகப் பேச வரவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"ருக்கு எப்படி இருக்கு மாமா?"

"நல்லா இருக்கு. கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குது. நீங்க எப்ப வர்றீங்க?"

"சனிக்கிழமைதான் மாமா விடுவாங்க."

அன்றைக்குத் திங்கட்கிழமை. பெற்ற பிள்ளையைப் பார்க்க ஒரு வாரம் காத்திருந்தவர் அவர்.

மருமகன் விஜயன் எங்கள் தோட்டத்து லைன் வீடுகளிலேயே பிறந்தவர். 'டேய்' என்று கூப்பிட்ட பையனை இப்போது 'அவர்' என்று எழுதக் கை கூசத்தான் செய்கிறது. பெண்ணைக் கொடுத்த பிறகு வேறு வழி இல்லை. எழுபதாம் வருஷத்தை ஒட்டி, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் கிடைப்பது கஷ்டமாகி, தோட்டத்தில் பல குடும்பங்கள் கப்பலேறின. அவருடைய அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். பையன் இங்கே பிறந்தவன், இங்கேயே படிக்கட்டும், அங்கே போய்க் காலூன்றியதும் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று தாய்மாமன் கந்தசாமியிடம் விட்டுப் போனார்கள். கடைசிவரை கூப்பிடவில்லை.

கந்தசாமி நல்ல மனுஷர். மலைமேல் திரிங்காப்பிலிருந்து கீழே காய்கறி ஏற்றிப் போகிற லோரிக்காரர். அவருக்கு வீடு என்றால் அந்த லோரிதான். அதனால் பையன் பள்ளி விட்டதும் லைனில் எந்த வீட்டு அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டு வாசலில் போய் உட்காருவான். என் வீட்டிலும் உட்கார்ந்திருக்கிறான். சோறு வேண்டும் என்று வாய் திறந்து கேட்டதே இல்லை. நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். என் மனைவி தட்டை அவன் முன்னால் தள்ளினால் சாப்பிடுவான். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ருக்குமணி தள்ளினாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், தோட்டத்தை நடத்துகிற கம்பெனியின் கோலாலம்பூர் ஆபீஸில் கட்டு சுமக்கிற வேலைக்குச் சேர்ந்தார். பகலில் சுமை, சாயங்காலத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு. சில வருஷத்தில் சுமையை விட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டார். எண்பத்தேழில் எங்கள் தோட்டத்துக்குச் சர்வர் என்று ஒரு பெரிய கம்ப்யூட்டர் வந்தபோது, அதோடு லோரியில் அவரும் வந்து இறங்கினார். பெட்டிகள் ஆடாமல் இருக்க மலை ஏறுகிற வழியெல்லாம் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாராம்.

நான் ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறவன். ஷிஃப்ட் முடிந்து போகும்போது ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் செருப்புப் பெட்டி அளவில் இரண்டு இரும்புப் பெட்டிகள். இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று, இரண்டு என்று காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"கணக்கு ஒன்னுதானே, பெட்டி எதுக்கு ரெண்டு?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ள டிஸ்க் இருக்கு மாமா. கிராணி ஒரு தடவை அடிச்சா ரெண்டு டிஸ்க்லயும் ஏறும். ஒன்னு கெட்டுப்போனாலும் இன்னொன்னு நிக்காம ஓட்டும். ஆபீஸ்ல யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது."

"ரெண்டையும் எதால கட்டிருக்கே?"

"கயிறு இல்ல மாமா. புரோகிராம்தான் கட்டுது. நீ ஒன்னு, நீ ரெண்டு, ரெண்டு பேரும் ஜோடின்னு நாம அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். அப்புறம் ஒன்னுல இருக்கிறத இன்னொன்னுக்கு முழுசா ஊத்தணும். அதான் இப்ப ஓடுது."

அந்த ஊற்றுகிற வேலை பகல் பூராவும் நடந்தது. பனிமூட்டம் உள்ளே வந்தால் மிஷினுக்கு ஆகாது என்று ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்லிவிட்டு, ஆளில்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தார். பசியாறக்கூட வெளியே வரவில்லை. ருக்குமணிதான் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். போனவள் திரும்பி வர நேரமாயிற்று. அடுத்த தை மாதம் கல்யாணம்.

கல்யாணம் ஆனதும் பெண்ணை அழைத்துக்கொண்டு போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். தோட்டத்து வீடு, தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். எனக்கு வேலை ஓயும் வயது நெருங்கிவிட்டது. நான் ஓய்ந்தாலும் ருக்குமணி பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் கணக்கில் இருந்தால் வீடு எங்களிடம் இருக்கும். அவள் போய்விட்டால் நான் சட்டியோடு ரோட்டில் நிற்கவேண்டும். "அப்பாவை விட்டுட்டு வரமாட்டேன்" என்றாள். "நீ வரவேணாம் ருக்கு, நானே மேல வந்துடறேன்" என்றார் மாப்பிள்ளை. எப்படி வருவது? ஒரே வழிதான் இருந்தது. எங்கள் தோட்டத்து ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர ஆள் வேண்டும் என்று கம்பெனி சொல்லவேண்டும். தோட்டத்தை நிர்வாகம் பண்ணுகிற துரை மலையாளி, நல்ல மனுஷர். "தீபாவளி வரைக்கும் மிஷின் ஒழுங்கா ஓடட்டும் விஜயன், நான் கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் மேலேயும் கீழேயுமாக இருந்தார்கள். மிஷினைப் பார்க்கவென்று கம்பெனி பஸ் காசு கொடுப்பதால் மாதம் ஒரு முறை சனிக்கிழமை வருவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாப்பா பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். மற்ற நாளில் அவருக்கு ஒரு வழி இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்துக் கொழுந்து நிறுவையையும் ஆள் கணக்கையும் ஒரு சின்ன டிஸ்கெட்டில் ஏற்றி, தேயிலை லோரியில் கோலாலம்பூருக்கு அனுப்புவார்கள். அதைச் சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. முதலில் ருக்குமணி பெயரைத்தான் தேடுவாராம். கிலோ குறைந்திருந்தால் டெலிபோன் வந்துவிடும்.

"புதன்கிழமை உடம்பு சரியில்லையா ருக்கு? கொழுந்து கம்மியா இருக்கு."

"அன்னிக்கு மழைங்க. எல்லாருக்கும்தான் கம்மி."

"இல்ல, ஜெயாவுக்கு அவ்வளவு குறையல. பாத்துட்டுத்தான் கேக்கறேன்."

இவள் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஜெயா இவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கிறவள்.

பிரசவத்துக்கு லீவு போட்டபோது இரண்டு மாதம் அவள் பெயர் டிஸ்கெட்டில் வரவில்லை. சனிக்கிழமை வந்தால் மிஷினைத் திறக்கவே பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை என்னிடம் சொன்னார்.

லீவு முடிந்து அவள் திரும்ப வேலையில் சேர்ந்த வாரம்தான் அந்த விஷயம் நடந்தது. முந்தின சனிக்கிழமை இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஞாயிறு போய்த் திங்கள் காலையில் கிராணி மிஷினைத் திறந்தபோது, இரண்டாம் பெட்டி பின்தங்கிவிட்டது, ஒன்றாம் பெட்டி மட்டும் ஓடுகிறது என்று திரையில் வந்ததாம். வேலை ஒன்றும் நிற்கவில்லை. செய்தி கேட்டு மாப்பிள்ளை வியாழக்கிழமை மேலே வந்தார். மறுநாள் தோட்டத்தில் ஆயுத பூசை.

எங்கள் தோட்டத்தில் ஆயுத பூசை முடியும்வரை ஒரு மிஷினும் ஓடக்கூடாது. பாய்லர், உருட்டு மிஷின், லோரி, மண்வெட்டி, டைப்ரைட்டர் எல்லாவற்றையும் அழுக்குப் போகக் கழுவி, போன வருஷத்துச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, புதுப் பொட்டு வைக்கவேண்டும். கம்ப்யூட்டரும் ஆயுதம்தான் என்று கிராணி சொல்லிவிட்டார். பூசை முடியட்டும், பிறகு இரண்டாம் பெட்டியைச் சரி செய்துகொள்ளலாம் என்று மாப்பிள்ளை மிஷினை நிறுத்தி, இரண்டு பெட்டிகளையும் கழற்றிச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார்.

ஆபீஸ் கூட்டுகிற அம்மாக்கண்ணு வேலையில் சுத்தம். மிஷினுக்குத் தண்ணி ஆகாது என்று கேள்விப்பட்டிருந்ததால், ஈரத்துணியை ஒட்டப் பிழிந்துதான் துடைத்தது. துடைத்தது மட்டுமா? பெட்டிமேல் ஒட்டியிருந்த இரண்டு காகிதத்தையும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அழகாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டது. பூசை முடிந்து சுண்டல் வாங்கிக்கொண்டு எல்லாரும் கலைந்தோம். மாப்பிள்ளை பெட்டியை எடுக்கக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மாக்கண்ணக்கா, இதுல ஒரு காகிதம் இருந்துச்சே?"

"அழுக்குப் புடிச்சுக் கெடந்துச்சு தம்பி. எடுத்துப் போட்டுட்டேன். இப்பப் பாரு, லெச்சணமா இருக்கு!"

இரண்டு பெட்டி. இரண்டிலும் ஒரே மாதிரிப் பொட்டு. ஒன்றில் இந்த வாரத்துக் கணக்கு இருக்கிறது, ஒன்றில் இல்லை. எது எதில் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இனிமேல் ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஊற்றவேண்டும். மாற்றி ஊற்றினால், பழசு புதுசின்மேல் ஏறி, தோட்டத்து ஜனங்கள் ஒரு வாரம் எடுத்த கொழுந்து அத்தனையும் காணாமல் போகும். கங்காணி எழுதிக் கொடுக்கும் நிறுவைத் துண்டுகளை, கம்ப்யூட்டரில் ஏற்றினதும் கிழித்துப் போடுவதைக் கிராணி ஒரு பெருமையாகவே வைத்திருந்தார்.

"அந்தப் புரோகிராமுக்கு எது புதுசுன்னு தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாது மாமா. எதிலிருந்து எதுக்குன்னு அது நம்மளத்தான் கேக்கும்."

கிராணிக்கு அவசரம். டிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு லோரி அன்றைக்கே இறங்கவேண்டும். "இந்த இடது பக்கத்துப் பெட்டிதான்யா ஒன்னு. கழட்டும்போது நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். மாட்டுய்யா!" என்றார். துரையும் வாசலில் வந்து நின்றார். மாப்பிள்ளை இரண்டையும் மாட்டினார். இடது பக்கத்துப் பெட்டியை ஒன்று என்று புரோகிராமுக்குச் சொன்னார். ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஊற்றவா என்று திரை கேட்டது. ஒரு எழுத்தை அழுத்தவேண்டியதுதான் பாக்கி.

அழுத்தவில்லை. கையை எடுத்துவிட்டார். இரண்டாவது பெட்டியை மறுபடி கழற்றிவிட்டு, ஒன்றை மட்டும் ஓடவிட்டு, செக்ரோலைத் திறந்து கீழே கீழே போய்க்கொண்டே இருந்தார்.

"என்னய்யா தேடுறே?"

"ஒன்னுமில்ல கிராணி."

கிராணி திரையில் எட்டிப் பார்த்தார். "யோவ், கணக்கப் பாக்கச் சொன்னா பொண்டாட்டியத் தேடிக்கிட்டு இருக்கே!"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "ருக்கு இல்ல" என்றார். "திங்கட்கிழமை வேலைக்கு வந்துச்சு. இதுல இல்ல. இது பழசு."

மற்றப் பெட்டியை மாட்டினார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நான்கு நாளும் ருக்குமணி இருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, கிலோ கம்மிதான். அந்தப் பெட்டியை ஒன்றாக்கி, பழைய பெட்டியை இரண்டாக்கி, பிறகுதான் ஊற்றவிட்டார். புதுசாகக் காகிதம் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டினார். அம்மாக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு, "அங்க ஒட்டுனா யாரு தம்பி படிப்பா?" என்று கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். ருக்குமணி என்ன ஆயிற்று என்று கேட்டாள். "உன்னைக் காணோம்னு தேடினேன், கெடச்சுட்டே" என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை மேலே வந்திருந்தபோது துரை கூப்பிட்டு அனுப்பினார். அன்றைக்கு மாப்பிள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன சொன்னாரு துரை?"

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கேன்னாரு மாமா. இடி விழுந்து ஒரு பெட்டி நின்னுகூட வேலை நிக்கல, கணக்கு ஒன்னும் போகலன்னு கோலாலம்பூர்ல பாராட்டுனாங்களாம்."

"அப்புறம் என்ன!"

"அதனால இங்க ஆளு வேணாமாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அதுதான் தானா ஓடுதே, மூணு மாசத்துக்கு ஒரு தடவை விஜயன் போய்ப் பாத்துட்டு வந்தாப் போதும்னுட்டாங்களாம். மாசம் ஒரு தடவை வந்ததும் போச்சு மாமா. எனக்கு நானே வேலையில்லாமப் பண்ணிக்கிட்டேன்."

உள்ளே ருக்குமணிக்குக் கேட்டுவிட்டது. அவள் வெளியே வரவில்லை. பேத்தியின் ஏணையை ஆட்டுகிற கயிற்றுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பொங்கல் கழிந்து பேத்தி குப்புற விழுந்தாள். என் கண் முன்னால்தான். ஷிஃப்டுக்குப் போகாமல் நின்று மறுபடி ஒரு தடவை விழவைத்துப் பார்த்தேன். லைன் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாப்பிள்ளைக்கும் சொல்லவேண்டும் என்று ருக்குமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். "அதோட சத்தத்தக் கொஞ்சம் கேக்க விடு ருக்கு" என்று அவர் கேட்டிருக்கிறார். ரிசீவரைப் பிள்ளை வாயருகே பிடித்தாள். பிள்ளை தூங்கிவிட்டது. மூச்சு மட்டும்தான். அதைக் கேட்டுக்கொண்டு அவர் அந்தப் பக்கம் இருந்தார். கிராணி மணியைப் பார்த்தார். பிறகு அவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரும் வழியில் நான் சொன்னேன். "ருக்கு, நீ கெளம்பு."

"எங்க?"

"எங்கயாம்! உன் புருஷன்கிட்ட."

"வீட்ட எடுத்துக்குவாங்கப்பா. அப்புறம் நீங்க எங்க போவீங்க?"

"எனக்கு இன்னும் வேலை இருக்கு. ஓயும்போது பாத்துக்கலாம் லா. அந்தாளு சின்ன வயசுலேருந்து யாரு வீட்டுச் சோத்தையோ பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவரு. கல்யாணம் கட்டியும் அப்படியேவா இருக்கணும்?"

அடுத்த திங்கட்கிழமை காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டு மணி அடித்தபோது அவள் எழுந்து போகவில்லை. துணிப்பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். வருவதை அவரிடம் சொல்லவேண்டாம், போய் வாசலில் நிற்கவேண்டும் என்பது அவள் ஆசை. அவர் போன் அடித்தாலும் எடுக்கக்கூடாது என்று கிராணியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியலில் ரிங்லெட்டில் பஸ் ஏறினோம். பேத்தி எனக்கும் அவளுக்கும் மாறி மாறி மடியில் வந்தாள். தாப்பாவில் பஸ் மாறி, கோலாலம்பூர் புடுராயா பஸ் ஸ்டேஷனில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அந்தக் கூட்டத்தையும் புகையையும் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. மாப்பிள்ளை வாடகைக்கு இருக்கிற செந்தூல் வீட்டு விலாசத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். டாக்சி எங்கே கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ருக்குமணி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

தாப்பா பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் உடுப்பு. கையில் பை இல்லை. டிக்கெட் மட்டும்.

அவள் கூப்பிடக்கூட இல்லை. முன்னால் போய் நின்றாள்.

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "உடம்புக்கு என்ன?" என்றார்.

"உடம்புக்கு ஒன்னுமில்லையே. நீங்க எங்க போறீங்க?"

"திங்கட்கிழமையிலேருந்து உன் பேரு இல்ல ருக்கு. அஞ்சு நாளும் இல்ல. தோட்டத்துக்குப் போன் அடிச்சா யாரும் எடுக்கல. புள்ளைக்குத்தான் என்னவோன்னு..."

"உங்ககிட்ட சொல்லாம வரணும்னு நெனச்சேன்."

"நல்லா சொல்லாம வந்தே!"

பிள்ளையைக் கையில் வாங்கினார். பேத்திக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. உற்றுப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், பிறகு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. அழட்டும் என்று நெஞ்சோடு வைத்துக்கொண்டே நின்றார். அவள் தானாக ஓயும்வரை நாங்கள் மூவரும் அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே நின்றோம்.

"ஏறப் போறீங்களா, இல்லையா?" என்று பஸ்காரன் கேட்டான்.

"குடுங்க மாப்பிள்ளை. அந்த டிக்கெட் எனக்கு" என்றேன். ஒரு நாளாவது இருந்துவிட்டுப் போங்கள் என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். மறுநாள் எனக்கு பாய்லர் முறை. அதோடு, இருந்தால் கிளம்ப மனசு வராது என்று எனக்கே தெரியும்.

இப்போது வெள்ளிக்கிழமை டிஸ்கெட்டை வாங்க வரும் லோரிக்காரன் இருளப்பன் என்னைக் கிண்டல் செய்கிறான். "இன்னும் என்னண்ணே தேடப்போறாரு உங்க மாப்பிள்ளை? அந்தம்மாதான் அங்கயே இருக்கே!"

"ஃபேக்டரி ஆளுங்க பேரும் அதுலதான் இருக்கு. கருப்பையான்னு ஒருத்தன் பேர இப்பத் தேடுறாங்க" என்றேன்.

உண்மைதான். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனதும், "அப்பா வாரம் பூரா வேலைக்கு வந்திருக்காரு" என்று அவர் சொன்ன பிறகுதான் ருக்குமணி தட்டை எடுத்து வைக்கிறாளாம். அதனால் போன மாதம் காய்ச்சல் வந்தபோதுகூட நான் லீவு போடவில்லை. ஏணையை இன்னும் அவிழ்க்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் தலை இடிக்கும். இடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில நாள் ஒரு எண்ணம் வருகிறது. ஒரே ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டால் என்ன? என் பெயரைக் காணோம் என்று, அடுத்த பஸ்ஸிலேயே பேத்தியைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடி வருவார்கள். இதுவரை செய்யவில்லை. தீபாவளி வரைக்கும் பொறுத்துப் பார்க்கிறேன்.